கூட வந்த ஆள்

கிட்ட வந்து உக்காருங்க தம்பி. இன்னும் கிட்ட. அந்த பெஞ்சு வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்துல வாங்க. நாப்பது வருசமா மைக்க வச்சே பிழைச்சவன் நான். மைக் இல்லாம தூரத்துல இருக்கிற ஆளுகிட்டப் பேச எனக்கு வராது.

ஆறு மணிக்குத்தான் கூட்டம். இப்ப அஞ்சே கால் இருக்கும். நான் முன்னாடியே வந்து கதவத் திறந்து, பெஞ்சு எல்லாத்தையும் வட்டமாப் போட்டு வைக்கணும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க பெஞ்சு இது. உக்காந்தா முட்டி நாடியில வந்து இடிக்கும். பழகிரும்.

நான் கதவு திறந்த விதத்தப் பார்த்து நீங்க வாய்க்குள்ள சிரிச்சீங்க. பார்த்தேன். சிரிங்க, அதுல ஒண்ணுமில்ல. இடுப்பக் கொண்டுபோயிப் பூட்டோட ஒட்டி வச்சு, சட்டையத் தூக்கிக்கிட்டு, மாடு செவுத்துல ஒராயுற மாதிரி நின்னு ஒருத்தன் கதவு திறந்தா யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். சாவி அரைஞாண் கயித்துல கட்டியிருக்கு. கழட்ட முடியாது. ஏன் முடியாதுங்கிறதத்தான் சொல்லப் போறேன்.

நீங்க யாரோ சிநேகிதருக்காக விசாரிக்க வந்ததாச் சொன்னீங்க. "ஃப்ரெண்டு ஒருத்தன் ரொம்பக் குடிக்கிறான், இங்க கூட்டம் நடக்குதாமே"ன்னு கேட்டீங்கள்ல, அந்தக் குரலக் கேட்டேன். தப்பா நினைக்காதீங்க, என் காது அப்படி. நேத்துக் குடிச்சவன் குரல் வேற. இன்னைக்குக் குடிக்காமத் தவிக்கிறவன் குரல் வேற. உங்களது ரெண்டாவது. சரி, இருக்கட்டும். சிநேகிதருக்குன்னே வச்சுக்கிடுவோம். முதநாள் வர்றவங்க எல்லாருமே வேற யாருக்காகவோதான் வருவாங்க.

ஆனா நான் நிசமாவே வேற ஆளுக்காக வந்தவன். என் மச்சினன் கோமதிநாயகத்துக்காக. என் பேர் சங்கிலி. இந்தக் கோவில்பட்டியில ரேடியோ செட்டு சங்கிலின்னா தெரியாத ஆள் கிடையாது. காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை விழா, இழவு, எதுக்கும் நம்ம குழாய் ஸ்பீக்கருதான். குடிக்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. தொழில்ல கொடுக்கிறத வாங்கிக்கிடுவேன். கொடை முடிஞ்சா செட்டுக்காரனுக்கு வேட்டி துண்டு வைப்பாங்க, ஒரு குவார்ட்டர் வைப்பாங்க. அது மரியாதை. வேணாம்னு சொன்னா வச்சவங்க மனசு சங்கடப்படும். வேலை இல்லாத நாள்ல உடம்பு வலிக்கு வாங்கிக்கிடுறதுதான். மத்தபடி இல்ல.

என் பொண்டாட்டி வெள்ளத்தாய்தான் இதெல்லாத்தையும் ஆரம்பிச்சு வச்சது. தீப்பெட்டி ஆபீஸ்ல பண்டல் கட்டுறவ. அவ மூணாங்கிளாஸ், நான் ரெண்டாங்கிளாஸ். அந்த ஒரு கிளாஸ் வித்தியாசம் கடைசி வரைக்கும் எங்களுக்குள்ள இருந்துச்சு தம்பி. அவ எத எங்க கொண்டுவந்து முடிப்பான்னு எனக்குத் தெரியாது. முடிஞ்ச பிறகுதான் தெரியும்.

போன ஐப்பசியில ஒருநாள் காலையில, நான் பல்லு விளக்கிட்டு இருக்கேன், வந்து நின்னா.

"இந்தாங்க, என் தம்பி குடிச்சு அழியுறான். சாத்தூருல பட்டறை வேலைய விட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்கான். நீங்க ஏதாவது பண்ணணும்."

"நான் என்னடி பண்ண?"

"குடிய விட்டவங்க எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து கூட்டம் போடுறாங்களாம். ஞாயித்துக்கிழமை சாயந்தரம். எங்கன்னு விசாரிச்சு அவனக் கூட்டிட்டுப் போங்க. தனியா விட்டா வேற பக்கம் போயிருவான். நீங்க கூட இருந்தாத்தான் அடங்குவான்."

இதக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துருச்சு. ஏன்னா அந்த வீட்டுல என்னால ஒரு காரியம் ஆகும்னு யாரும் சொல்லி ரொம்ப நாளாச்சு. மகள் கல்யாணத்துல நான் மைக்ல என்னமோ பேசிட்டேனாம். என்ன பேசினேன்னு இன்னவரைக்கும் எனக்கு யாரும் சொல்லல. ஆனா சம்பந்தக்காரங்க ஒம்போது வருசமா எங்க வாசப்படி மிதிக்கல. மகளும் அவ அம்மாகிட்டதான் போன்ல பேசுவா. அதுக்குப் பிறகு குழாய் கட்டக் கம்பத்துல ஏறி விழுந்து இடது கை உடைஞ்சுது. ஏணி சரியில்ல. அப்படியே ஒவ்வொண்ணா.

கோமதி வந்தான். மூணு வருசம் கழிச்சுப் பார்க்கிறேன். ஒரு காலத்துல அவனும் நானும் சேர்ந்து... சரி, அது பழைய கதை. "வாங்க அத்தான், போவோம்"னான். குரல்ல ஒரு கரகரப்பு இல்ல. கழுவித் துடைச்ச குரல். நான் நினைச்சுக்கிட்டேன், கள்ளப் பய ஏலக்காய் மெல்லுறான், தொழில்காரன்டான்னு.

இப்ப கேளுங்க. கூட்டம்னு சொன்னா எனக்கு என்ன தெரியும்? கூட்டம்னா மைக் இருக்கும். மைக் இல்லாத கூட்டத்த நான் பார்த்ததே கிடையாது. விசாரிக்கவும் கூச்சம். "குடிகாரங்க கூட்டம் எங்க நடக்குது"ன்னு டீக்கடையில போயிக் கேட்டா, "உங்களுக்கா அண்ணாச்சி?"ம்பான். அதனால ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குக் கோமதியக் கூட்டிக்கிட்டுக் கிளம்புவேன். தெருத்தெருவா நடந்து, எங்க குழாய்ச் சத்தம் கேக்குதோ அங்க போறது. காதத் தீட்டிக்கிட்டுப் போறது.

முதல் ஞாயித்துக்கிழமை ஒரு சத்தம் கேட்டுச்சு. போனா கட்சிக் கூட்டம். ஒருத்தர் மேடையில நின்னு கத்துறாரு. நான் முன்னாடி போயி உக்காந்துட்டேன். கோமதி பின்னாடியே வந்து, "அத்தான், இவங்க விட்டவங்க மாதிரி தெரியலயே"ன்னான். அடுத்த வாரம் ஒரு ஜெபக்கூட்டம். அங்க அழுறாங்க, கையத் தூக்குறாங்க. இதுதான்டான்னு நினைச்சு நானும் கையத் தூக்கிட்டேன். ஒரு அம்மா வந்து என் தலையில கை வச்சு, முட்டுவலி சரியாப் போயிரும்னாங்க. எனக்கு முட்டுவலியே கிடையாது. மூணாவது வாரம் ஒரு காதுகுத்து வீடு. அது நம்ம போட்டி செட்டுக்காரன் கட்டின குழாய். "என்ன சங்கிலி, கூப்பிடாமலே வந்துட்டே"ன்னான். எனக்கு அவமானமாப் போச்சு.

வீட்டுக்கு வந்து சொன்னேன், "ஏய், அப்படி ஒரு கூட்டமே இந்த ஊருல கிடையாது."

வெள்ளத்தாய் அரிசி களைஞ்சுக்கிட்டே கோமதியப் பார்த்தா. கோமதி அவளப் பார்த்தான். "இன்னும் ஒரு வாரம் தேடுங்க. நீங்களே கண்டுபிடிக்கணும்"னா. நீங்களேன்னு அவ ஏன் சொன்னான்னு அப்ப யோசிக்கல.

நாலாவது வாரம் இந்தத் தெரு வழியா வர்றோம். இந்த கேட்டுக்கு எதிர்க்க வந்ததும் கோமதி, "செருப்பு வார் பிடுங்கிருச்சு அத்தான், ஒரு நிமிசம்"னு குத்தவச்சு உக்காந்துட்டான். அரை மணி நேரமா அந்த வாரையே மாட்டிக்கிட்டு இருக்கான். எனக்கு எரிச்சல். நின்னுக்கிட்டே காதக் கொடுத்தேன். இந்த ஜன்னல் வழியா ஒரு ஆம்பளக் குரல் வருது. மைக் கிடையாது. சாதாரணமாப் பேசுறாரு. "நான் என் மகனுக்கு ஃபீஸ் கட்ட வச்சிருந்த ரூவாயக் குடிச்சவன்"னு சொல்றாரு. சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்துறாரு. உள்ள ஒரு பத்து பேர் இருக்கிற மூச்சு கேக்குது. ஒருத்தரும் குறுக்க பேசல. ஒருத்தரும் சீச்சீங்கல.

தம்பி, நான் கலெக்டரு பேசின கூட்டத்துக்கு செட்டு கட்டியிருக்கேன். ஒரு கூட்டத்துலயாவது ஜனங்க வாய மூடிக் கேட்டு நான் பார்த்ததில்ல. மைக் இல்லாத ஒரு ஆளு பேச, ஊசி விழுந்தாக் கேக்குற மாதிரி இருக்காங்க. "டேய் கோமதி, இங்கதான்டா"ன்னேன். "அப்படியா அத்தான்? நல்லாக் கண்டுபிடிச்சீங்க"ன்னான். செருப்பு வாரும் அந்த நிமிசமே மாட்டிருச்சு.

உள்ள வந்தோம். லூர்து கண்டக்டர்னு ஒருத்தர், பஸ்ல இருந்து ரிட்டயரானவரு, அவருதான் பார்த்துக்கிடுறாரு. இன்னும் அரை மணியில வருவாரு, பார்ப்பீங்க. எல்லாருக்கும் டீ கொடுத்தாங்க. எனக்கு சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டவங்க கோமதிகிட்டக் கேக்கல. சர்க்கரை இல்லாத டீயத் தானா எடுத்து அவன் கையில கொடுத்தாங்க. நல்ல கவனிப்புன்னு நினைச்சேன்.

இங்க ஒரு வழக்கம். பேசுறதுக்கு முன்னாடி பேரச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி"ன்னு சொல்லணும். எல்லாரும் வணக்கம் சொல்லுவாங்க. கோமதி எந்திரிச்சு கூசாமச் சொன்னான். எனக்கே ஆச்சரியம். முதநாளே இப்படி ஒத்துக்கிட்டானேன்னு சந்தோசம். என் முறை வந்துச்சு. நானும் எந்திரிச்சேன்.

"என் பேரு சங்கிலி. நான் மச்சினன்கூட வந்த ஆளு."

"வணக்கம் சங்கிலி"ன்னாங்க எல்லாரும். ஒருத்தரும் சிரிக்கல. அதுக்குப் பிறகு வாரம் தவறாம அதே மாதிரிதான் சொல்றேன். கண்டக்டரு மட்டும் வாசல்ல பார்த்தா, "வாங்க கூட வந்தவரே, டிக்கெட் எடுத்தாச்சா? இறங்குற இடம் எப்ப சொல்லப் போறீங்க?"ம்பாரு. கிண்டல் பிடிச்ச மனுசன்.

கூட்டத்துக்கு வர்ற அன்னைக்குக் குடிச்சிருக்கக் கூடாது. அதனால ஞாயித்துக்கிழமை நான் தொடுறதில்ல. கோமதி வீம்புக்குக் குடிச்சிருவானேன்னு அவனுக்குத் துணையாச் சும்மா இருப்பேன். அப்புறம் வெள்ளத்தாய், "புதன்கிழமையும் கூட்டம் உண்டாமே, அவன் போகமாட்டேங்கிறான்"னா. புதன்கிழமையும் போனேன். பிறகு வெள்ளிக்கிழமை. இப்படி வாரத்துல மூணு நாள் போச்சு. மிச்ச நாலு நாள்ல நான் கொஞ்சம் கூடுதலா எடுத்துக்கிட்டது வாஸ்தவம்தான். மனுசன் உடம்பு கணக்குப் பார்க்குமில்ல.

தை மாசம் அவளுக்கு வயித்துல கட்டின்னாங்க. ரொம்ப நாளா வலிச்சிருக்கு, சொல்லல. சொல்ல நேரம் ஏது, என் தம்பி என் தம்பின்னு அலைஞ்சா. ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது கண்டக்டரு ஒருநாள் பார்க்க வந்தாரு. "நீங்க போயி எனக்கு ஒரு இளநி வாங்கிட்டு வாங்க"ன்னு என்ன அனுப்பிட்டு, ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசியிருக்காங்க. நான் இளநியோட வந்தப்ப கண்டக்டரு கண்ணத் துடைச்சுக்கிட்டு வெளிய போறாரு. இவ தலகாணிக்கடியில எதையோ வைக்கிறா. "என்னடி"ன்னேன். "ஒண்ணுமில்ல, ஸ்ட்ரா இருக்கா?"ன்னு கேட்டா.

ஆபரேசனுக்கு உள்ள போனவ பேசுற நிலையில திரும்பி வரல. மூணாம் நாள் போயிட்டா. அவ இழவுக்கு நான் குழாய் கட்டல. எல்லாரும் கேட்டாங்க. என்னமோ, கையி வரல.

அதுல இருந்து இந்தக் கதவு என் பொறுப்பு. கண்டக்டரு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "குடிச்சா சாவியத் தொடாதீங்க. அன்னைக்கு வேற ஆளுகிட்டக் கொடுத்து விட்டுருங்க." சரின்னுட்டேன். சரின்னு சொன்ன பிறகுதான் புரியுது, எப்படிக் கொடுத்து விட? சாவிதான் கழட்ட வராதே! "இன்னொரு சாவி வெட்டி வச்சுக்கிடுங்க"ன்னேன். "இது பழைய பூட்டு, இதுக்கெல்லாம் சாவி வெட்ட முடியாது"ன்னாரு. "பூட்ட மாத்துங்க"ன்னேன். "கூட வந்தவருக்கு எதுக்கு அந்தக் கவலை"ன்னாரு. அவ்வளவு படிச்ச மனுசன், ஒரு பூட்டு விசயம் தெரியல பாருங்க.

சித்திரையில ஒரு கொடை. மேற்க ஒரு கிராமத்துல, புதன்கிழமை மத்தியானத்தோட முடிஞ்சுது. வேட்டி வச்சாங்க, துண்டு வச்சாங்க, அதையும் வச்சாங்க. சாயந்தரம் கூட்டம் இருக்கேன்னு அத மட்டும் எடுக்காமத் திரும்பி வந்தேன், சத்தியமா. கையில எடுக்கல. பஸ் விட்டு இறங்கினேன். இறங்குற இடத்துக்குப் பக்கத்துலதான் கடை. என்ன செய்ய? கால் போகுது தம்பி. நடக்க நடக்க இடுப்புல இது சத்தம் போடுது. சாவிகூட இன்னொண்ணும் சேர்த்துக் கட்டியிருக்கு. கிணுங் கிணுங்னு. என் காதப் பத்திச் சொன்னேனே. ஆயிரம் சத்தத்துக்குள்ளயும் ஒரு இரைச்சலப் பிரிச்சுக் கேக்குற காது. ஆஃப் பண்ணவும் முடியாது, வால்யூம் குறைக்கவும் முடியாது. கடை வரிசையில நின்னேன். முன்னாடி நின்னவன், "பெருசு, என்ன கொலுசு போட்டிருக்கியா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. இடது கைய வேட்டிக்குள்ள விட்டு அத இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். பிடிச்சுக்கிட்டே வாங்கினேன். பிடிச்சுக்கிட்டே...

ஆமா. குடிச்சேன். உடம்பு வலி.

குடிச்ச பிறகு சாவி நினைப்பு வந்துச்சு. வீட்டுக்குப் போயி சவரம் பண்ற பிளேட எடுத்தேன். கயித்த அறுத்து யார்கிட்டயாவது கொடுத்து விட்டுருவோம்னு. பிளேடு கயித்துல பட்டுச்சு. அறுக்கல. அவ கட்டின முடிச்சு. அறுக்க முடியுமா சொல்லுங்க. போன் அடிச்சுக்கிட்டே கிடக்கு. எடுக்கல. வெளிய மழை பிடிச்சுக்கிடுச்சு. மழை வந்தா யாரும் வரமாட்டாங்க, கலைஞ்சு போயிருப்பாங்கன்னு சொல்லிக்கிட்டேன். மனசு கேக்கல. ஏழு மணிவாக்குல தள்ளாடிக்கிட்டே இந்தத் தெரு முக்குல வந்து எட்டிப் பார்த்தேன்.

கலையல தம்பி. அந்தா, கேட்டுக்கு வெளிய அந்த வேப்பமரம் தெரியுதா, அதுக்கடியில பதினோரு பேரு. பாதிப் பேரு தலையில சாக்கு. ஒரு பொம்பள, அவ புருசன முதநாள் கூட்டிட்டு வந்திருக்கா, அவன் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. எங்கயும் ஓடிராமப் பிடிச்சுக்கிட்டு. மழையில நின்னுக்கிட்டே கூட்டம் நடத்துறாங்க. அன்னைக்கும் ஒருத்தர் பேச மத்தவங்க கேக்குறாங்க. மழைச் சத்தத்துல பாதி கேக்கல. ஒரே ஒரு மைக் இருந்தாப் போதும். வாழ்நாளெல்லாம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்டினேன். அந்தப் பதினோரு பேருக்கு என்னால ஒரு கதவு திறக்க முடியல.

கோமதி என்னப் பார்த்துட்டான். வந்து கையப் பிடிச்சான். திட்டுவான்னு நினைச்சேன். திட்டல. ஒருத்தரும் திட்டல. திட்டியிருந்தா நல்லாயிருக்கும்.

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி தலை துவட்டி விட்டான். துவட்டிக்கிட்டே மெதுவாச் சொல்றான், "அத்தான், நான் குடிச்சு மூணு வருசம் ஆச்சு."

"என்னடா சொல்றே?"

"சாத்தூர்லயே விட்டுட்டேன் அத்தான். அங்கயும் இதே மாதிரி கூட்டம். அக்காதான் வேலைய விட்டுட்டு வாடான்னு கூப்பிட்டா."

நான் அவன் மூஞ்சியையே பார்த்தேன். பாவம். சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. குடிகாரங்க இப்படித்தான் தம்பி சொல்லுவாங்க. விட்டுட்டேன், மூணு வருசமாத் தொடல, என்ன ஒண்ணும் செய்யாது. எத்தன பேரு சொல்லிக் கேட்டிருக்கேன் இந்த ரூமுக்குள்ள! "சரிடா, சரிடா. நீ விட்டதாவே இருக்கட்டும். ஆனா கூட்டத்துக்கு மட்டும் நிறுத்தாம வா, நான் கூட வர்றேன்"னேன். அவன் துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டான். தோள் குலுங்குது. அழுறான் பாவி. அவ்வளவு மோசமான வியாதி இது. தன்னப் பத்தித் தனக்கே தெரியாது.

அதுல இருந்து தொடாம இன்னைக்கோட பதினெட்டு நாள் ஆச்சு. எண்ணணும்னு எண்ணல. கொடைக்கு ரெண்டு பேர் கூப்பிட்டாங்க, போகல. ராத்திரி தூக்கம் வராமப் புரண்டுக்கிட்டே கிடப்பேன். புரண்டா இதுவும் சேர்ந்து சத்தம் போடும். அடுத்த கூட்டம் வரைக்கும் இருப்பேனான்னு கேட்டா எனக்குத் தெரியாது. உங்ககிட்டப் பொய் சொல்லி என்ன ஆகப் போகுது.

சரி, சாவிக்கு வர்றேன். கண்டக்டரு சைக்கிள் மணி கேக்குது, முடிச்சிருவோம்.

ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போக வந்த நர்சு, உடம்புல இருக்கிறத எல்லாம் கழட்டணும்னு சொன்னாங்க. தோடு கழட்டினா. தாலிய மஞ்சக்கயித்தோட எடுத்து என் கையில கொடுத்தா. மெட்டி மட்டும் வரல. கால் வீங்கிக் கிடக்கு. நர்சு சோப்பு போட்டு இழுத்து எடுத்தாங்க. நான் உசிரோட நிக்கும்போதே மெட்டியக் கழட்டுறாளேன்னு நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அவ, "கிட்ட வாங்க"ன்னா. போனேன். "சட்டையத் தூக்குங்க"ன்னா. ஆஸ்பத்திரின்னு பார்க்கல, நர்சு நிக்கிறாங்கன்னு பார்க்கல. தலகாணிக்கடியில இருந்து இந்தச் சாவிய எடுத்தா. அதுகூட ஒரு மெட்டியச் சேர்த்து, என் அரைஞாண் கயித்துல கட்டினா. பண்டல் கட்டுற முடிச்சு. முப்பது வருசம் தீப்பெட்டி ஆபீஸ்ல போட்ட முடிச்சு. கத்தி வச்சாத்தான் பிரியும்.

"கோமதி வந்து நிக்கும்போது கதவு பூட்டியிருக்கக் கூடாது. பூட்டியிருந்தா அவன் திரும்பிப் போயிருவான்"னா.

தள்ளுவண்டிய நகர்த்தினாங்க. "இருங்க"ன்னு கையக் காட்டி நிறுத்தினா. எட்டி என் இடுப்புல, அந்தச் சாவி மேல, விரலால ரெண்டு தட்டு தட்டினா. கூட்டம் ஆரம்பிக்கும்போது நான் மைக்கத் தட்டிப் பார்ப்பேன்ல, அதே மாதிரி. தட்டிட்டு என் மூஞ்சியப் பார்த்துக் கேட்டா,

"அல்லோ, கேக்குதா?"